டி டிரைவ் மட்டும் போதும்னு சொன்னது நான்தான்

2023 சித்திரை மாசம், மத்தியானம், கரண்ட் போயிருச்சு, கடைக்குள்ள வெக்கை தாங்கல. வாசல்ல ஸ்டூலைப் போட்டு ஒரு பழைய கல்யாண கார்டால விசிறிக்கிட்டு உக்காந்திருக்கேன், டிவிஎஸ் எக்ஸெல் ஒண்ணு வந்து நிக்குது. பக்கத்து கிராமத்துக் கோயில் கமிட்டி அண்ணாச்சி. வண்டிய விட்டு எறங்காமலே சொல்றாரு, "தாயி, ஆவணில கும்பாபிஷேகம் வச்சாச்சு. போன தடவ விழா மலர் புக்கு நீதான போட்டுக் குடுத்த, அந்த மேட்டர் கம்ப்யூட்டர்ல அப்படியே கெடக்கும்ல, கமிட்டி பேரு மட்டும் மாத்திக் குடுத்துரு. பழைய மேட்டர் தான, டைப்பிங் சார்ஜ் கெடையாதுல்ல?"

12 வருஷத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம், போன தடவ 2009, 2021-ல வந்திருக்க வேண்டியது கொரோனால தள்ளிப்போச்சு. நானும் யோசிக்காம "இருக்கு அண்ணாச்சி, எல்லாம் இருக்கு"ன்னு சொல்லிட்டேன். டிடிபி கடை, அதான் அச்சுக்குப் போற மேட்டரை கம்ப்யூட்டர்ல அடிச்சு செட் பண்ற கடை, வச்சிருக்கிற யாரு கிட்ட கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. எல்லாம் இருக்கு. எங்க இருக்குன்னு கேட்டா சிஸ்டத்துல இருக்கு. எந்த சிஸ்டத்துல, எந்த டிரைவ்ல, அதைத் தொறக்குற சாப்ட்வேர் இன்னும் இருக்கா, அதெல்லாம் யாரும் கேக்கிறதில்ல, நாமளும் கேட்டுக்கிறதில்ல.

நான் கோவில்பட்டில 2005-லேருந்து டிடிபி போடுறேன். மொத சிஸ்டம் பென்டியம் 4, 512 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, பெரிய பொட்டி மானிட்டர். பேஜ்மேக்கர்ங்கிற பக்கம் கட்டுற சாப்ட்வேர்ல செட் பண்ணி, லேசர் பிரிண்டர்ல பட்டர் ஷீட்னு ஒரு மெல்லிசு பேப்பர்ல எடுத்து, சிவகாசிக்கு பஸ்ல குடுத்து விடுவேன். கல்யாண கார்டு, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, பிட் நோட்டீஸ், கோயில் வரி ரசீது. ஒன்பது வருஷம் ஓடுச்சு அந்த மெஷின். 2014-ல எக்ஸ்பிக்கு சப்போர்ட் நிறுத்திட்டாங்கன்னு ஒரே பேச்சா இருந்த சமயம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, என் சிஸ்டத்துல மதர்போர்டு போயிருச்சு. கெபாசிட்டர் எல்லாம் உப்பி, மேல பிரவுன் கலர்ல கசிஞ்சு நின்னுச்சு. புதுசு வாங்கித்தான் ஆகணும்னாங்க.

சிஸ்டம் போட வந்த பையன் நல்ல பையன், அவன் மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். நான்தான் அந்த பழைய டிஸ்க்கை அப்படியே புது மெஷின்ல மாட்டிருப்பா, எல்லாம் அப்படியே வந்துரும்லன்னு கேட்டேன். சிரிச்சான். புது போர்டுல அந்த பட்டை கேபிள் சொருகுற எடமே கெடையாதுக்கா, அப்படியே அடாப்டர் வச்சு சொருகினாலும் ப்ளூ ஸ்கிரீன்தான் வரும்னான். பழைய எக்ஸ்பி பழைய போர்டோட டிரைவரத்தான் தெரிஞ்சு வச்சிருக்கும், புது போர்டு டிஸ்க்கோட பேசுற பாஷையே வேற, பாதி பூட் ஆகி தன்னோட டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாம நின்னுரும். சரி அப்ப டேட்டாவ மட்டும் காப்பி பண்ணிக் குடுன்னேன். "எது எது வேணும்க்கா?"

"டி டிரைவ் மட்டும் போதும் தம்பி."

31 ஜிபி. ஒரு டீ குடிச்சு, இன்னொரு டீ குடிச்சு, அவன் பொண்ணு பாக்கப் போன கதையெல்லாம் கேட்டு முடிக்கிறதுக்குள்ள காப்பி ஆயிருச்சு. பழைய டிஸ்க்குக்கு 200 ரூபா தரேன்க்கான்னான். நான் குடுக்கல. வருங்காலத்த நெனச்சு எல்லாம் இல்ல, அதுக்குள்ள ஊர்ச்சனத்தோட ரேஷன் கார்டு ஸ்கேனு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பத்திர நகல்னு ஏகப்பட்டது கெடந்துச்சு, எவன் கைலயாவது போச்சுன்னா வம்புன்னு ஒரு பயம். செருப்பு டப்பால வந்த சிலிக்கா பாக்கெட்டோட சேர்த்து துணிக்கடை பையில சுத்தி டிராயர்ல போட்டேன். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் அது அங்கேயே கெடந்துச்சு, மேல மொய் நோட்டு, பில் புக்குன்னு ஏறிக்கிட்டே போச்சு.

மே மாசத்து பைல்

அண்ணாச்சி போனதும் கரண்ட் வந்துச்சு. பைலைத் தேடினேன், டி டிரைவ் காப்பில 'கோயில்' போல்டர், கிராமத்துப் பேரு, பிஎம்டி பைல், அழகா இருக்கு. தொறந்தேன். பேஜ்மேக்கர் வழக்கம்போல பேனோஸ்னு ஒரு கட்டத்தப் போட்டு, இந்த இந்த பாண்ட் (எழுத்து வடிவம்) இல்ல, அதுக்குப் பதிலா இதைப் போட்டுக்கவான்னு கேட்டுச்சு. ஓகே குடுத்தேன். 64 பக்கமும் வரி வரியா இங்கிலீஷ் எழுத்து. அம்மன்னு இருக்க வேண்டிய எடத்துல எம், கே, செமிகோலன், கே.

எனக்கு இது புதுசில்ல, டிடிபில இருக்கிற யாருக்கும் புதுசில்ல. அந்தக் காலத்து தமிழ் பாண்ட் எல்லாமே ஒரு மாறுவேஷம்தான, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இங்கிலீஷ் எழுத்து, எம்முக்கு மேல 'அ' படத்த ஒட்டி வச்சிருப்பான், கேக்கு மேல 'ம' படம். பாமினி வகை பாண்ட் எல்லாம் டைப்ரைட்டிங் கீபோர்டு வரிசைய அப்படியே எடுத்துக்கிட்டது. 1999-ல சென்னைல தமிழ்நெட்99 மாநாடு போட்டு, எல்லாருக்கும் பொதுவா ஒரு கீபோர்டு, டேம், டேப்னு பொது என்கோடிங், அதாவது எந்த எழுத்துக்கு எந்த நம்பர்ங்கிற கணக்கு, எல்லாம் முடிவு பண்ணாங்க, ஆனா டைப்ரைட்டிங்ல லோயர் ஹையர் பாஸ் பண்ணி 'யளனகபக'ன்னு வெரல் தேஞ்சு வந்த என்னை மாதிரி ஆளுங்க யாரும் மாறல. ஒவ்வொரு கம்பெனியும் தன் பாண்டுக்குத் தனி கணக்கு வச்சிருந்தான். எல்லா மொழிக்கும் பொதுக் கணக்கான யூனிகோடுல தமிழுக்கு எடம் 1991-லயே குடுத்தாச்சு, நம்ம கவர்மெண்டு யூனிகோடுதான்னு ஆர்டர் போட்டது 2010-ல, கோயம்புத்தூர் செம்மொழி மாநாட்டு சமயம். இந்த மலர் அதுக்கு ஒரு வருஷம் முந்தினது. பாண்ட் போனா எழுத்தும் போச்சு.

பாண்ட் எங்க இருக்கும்? சி டிரைவ்ல விண்டோஸ் போல்டருக்குள்ள, பாண்ட்ஸ் போல்டர்ல. டி டிரைவ் மட்டும் போதும்னு சொன்ன ஆளு நான். அந்த தமிழ் சாப்ட்வேர் சிடி இருக்கு, ஆனா அதுக்கு டாங்கிள் உண்டு, பிரிண்டர் சொருகுற அந்த அகலமான பேரலல் போர்ட்ல மாட்டுற கட்டை மாதிரி ஒண்ணு. அது இல்லாம சாப்ட்வேர் அசையாது. இப்ப எந்த மெஷின்ல அந்த போர்ட் இருக்கு? டாங்கிளும் பத்திரமா இருக்கு, சொருகத்தான் எடமில்ல.

சரி, பாண்ட் தான, நெட்டுல தேடினா அதே ஜாதி பாண்ட் எங்கயாவது கெடைக்கும்னு தைரியமா இருந்தேன். அப்பத்தான் பைல் தேதியப் பாத்தேன். கிரியேட்டடு 2014, மாடிபைடு 2009 மே. இதுல கிரியேட்டடுன்னு காட்டுறது காப்பி பண்ண நாளு, அத விட்ருங்க, பைலை கடைசியா தொட்டதுதான் மாடிபைடு. மே மாசம். வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

ஏன்னா அந்த மலர் அச்சானது மே கடைசி. சண்டை நடந்தது ஜூன்ல. திருத்தினது ஜூலைல.

சண்டைன்னா, மண்டகப்படி சண்டை. மண்டகப்படின்னா திருவிழால ஒரு நாளை ஒரு வகையறா ஏத்து நடத்துற உரிமை. திருவிழாவுக்கு எந்த நாளு யாரு மண்டகப்படின்னு மலர்ல ஒரு பட்டியல் போட்டிருந்தோம். அதுல ஆறாம் நாளும் ஏழாம் நாளும் மாறிப்போச்சு. தெற்குத்தெரு வகையறாவோடது மேலத்தெரு வகையறா பேர்ல. வெளியூர்க்காரங்களுக்கு இது ஒரு பிழை திருத்தம், அவ்வளவுதான். ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும், நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா இந்த மலரைத்தான் எக்ஸிபிட்டா கொண்டு வந்து வைப்பாங்கன்னு. 500 பிரதில 200 ஏற்கனவே வெளிய போயிருச்சு, மிச்சம் 300-க்கு நானும் எம்பொண்ணும் ராத்திரி பூரா உக்காந்து பிழை திருத்தம் சீட்டு வெட்டி ஒட்டுனோம், ரெண்டாங் கிளாஸ் படிக்கிற புள்ள, கோந்தெல்லாம் தலைமுடில.

அந்த மலரை எழுதினவர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். அவருக்கு அது பெரிய அவமானமாப் போச்சு. பட்டியல் மட்டும் இல்லாம மொத்த புக்கையும் மறுபடி பாக்கணும்னு ஜூலைல மூணு சாயங்காலம் என் பக்கத்துல பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்தாரு. வீடு வீடா போயி கேட்டு எழுதிட்டு வந்த நோட்டு கைல. கும்மிப்பாட்டு ஒண்ணுல ரெண்டு வரி விட்டுப்போயிருந்துச்சு, அதப் பாடுற பாட்டிகிட்ட திரும்பப் பாடச் சொல்லி எழுதிட்டு வந்திருந்தாரு. நன்கொடையாளர் பேர்ல இனிஷியல் தப்பு மட்டும் நாப்பதோ என்னமோ. அச்சுக்குப் போகாத வேலை, யாரும் காசு தரப்போறதில்ல, நானும் கேக்கல. "அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நான் இருப்பனோ என்னமோ, பைல் இருக்கும்லம்மா?"ன்னாரு. இருக்கும் சார்னேன். 2017-ல அவர் போயிட்டாரு. அவர் கண்ணீர் அஞ்சலியும் நான்தான் செட் பண்ணேன், புது சிஸ்டத்துல.

அந்த ஜூலை பைல் டி டிரைவ்ல இல்ல. மூணு தடவ தேடினேன், பேரை மாத்தி மாத்தி, சைஸ் வச்சு, தேதி வச்சு. இல்ல.

அக்கா பையன் கிட்ட போன்ல சொன்னா, "சித்தி, அச்சடிச்ச புக் இருக்குல்ல, போன்ல போட்டோ எடுத்தா அதுவே டெக்ஸ்டா மாத்திக் குடுத்துரும்"ங்கிறான். குடுக்கும்தான். தப்பான புக்கைத் தப்பில்லாம எடுத்துக் குடுக்கும்.

டெஸ்க்டாப் எங்க இருக்கு

ராத்திரி படுத்து யோசிச்சேன். அந்த மூணு சாயங்காலத்த மனசுல ஓட்டிப் பாத்தேன். வாத்தியார் இந்தப் பக்கம், டேபிள் பேன் அந்தப் பக்கம், அவர் நோட்டு பறக்காம இருக்க மேல பஞ்சிங் மெஷின். நான் பைலை எங்கேருந்து தொறந்தேன்? மை கம்ப்யூட்டருக்குள்ள போனனா? இல்லியே. மொத நாளு சேவ் அஸ் குடுத்து தனியா வச்சேன், அச்சுக்குப் போன பைலோட கலந்துறக் கூடாதுன்னு. எங்க வச்சேன்? கண்ணு முன்னாடி. டெஸ்க்டாப்ல. தெனமும் சாயங்காலம் வருவாரு, டக்குனு தொறக்கணுமேன்னு.

எனக்கு கம்ப்யூட்டர் கிளாஸ்ல மொத வாரம் சொல்லிக்குடுத்த பாடம், சி டிரைவ் விண்டோஸுக்கு, உங்க பொருள் எல்லாம் டி டிரைவ்ல வைங்க, வைரஸ் வந்தா சி-ய பார்மட் அடிச்சுரலாம், டி-க்கு ஒண்ணும் ஆகாது. நான் அத வேதவாக்கா எடுத்துக்கிட்டவ. ஆனா டெஸ்க்டாப்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது சி-யும் இல்ல டி-யும் இல்ல, ரெண்டுக்கும் வெளிய தனியா ஒரு மேசைன்னுதான் நான் மட்டுமில்ல, என் கடைக்கு வர்ற அத்தனை பேரும் நெனச்சுக்கிட்டு இருந்தோம். மானிட்டரை ஆன் பண்ணா தெரியுது, அப்ப அது மானிட்டர்ல இருக்குன்னு நெனச்ச கஸ்டமர் கூட உண்டு. உண்மைல அது சி டிரைவுக்குள்ள, டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், அதுக்குள்ள யூசர் பேரு, அதுக்குள்ள டெஸ்க்டாப்னு நாலு ரூம் தாண்டி உள்ள இருக்கிற ஒரு போல்டர். அவசரமானது, பாதி முடிச்சது, நாளைக்கு வேணும்ங்கிறது எல்லாம் அங்கதான் கெடக்கும். வேலை முடிஞ்சு செத்துப்போனதுதான் டி டிரைவுக்குப் போகும். 2014-ல நான் பத்திரமா கொண்டு வந்தது எல்லாம் முடிஞ்சு போன வேலை. முடியாத வேலை மொத்தமும் டிராயர்ல.

இத இப்ப எழுதும்போது சாதாரணமா இருக்கு. அன்னிக்கு ராத்திரி எந்திரிச்சு கடையத் தொறந்து டிராயரைக் குடைஞ்சேன்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறாரு.

டிஸ்க் இருந்துச்சு. 40 பின் வரிசைல ஒரு பின் சாஞ்சு கெடந்துச்சு, நடுவுல ஒண்ணு இல்லவே இல்ல. ஐயோன்னு பதறினேன், அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, நடுவுல ஒண்ணு இல்லாம இருக்கிறது டிசைனே அப்படித்தானாம், கேபிளைத் தலைகீழா சொருகிறக் கூடாதுன்னு. சாஞ்ச பின்னை நிமித்த காலி ரீபிலோட நிப்பை எடுத்துட்டு அந்தக் குழாயப் பின் மேல மாட்டி மெதுவா நிமித்தினேன். இது எனக்கு யாரும் சொல்லித்தரல, ஊக்கால நிமித்தப் போயி இன்னும் சாஞ்சதும் தோணுன ஐடியா.

அடாப்டர் ஆன்லைன்ல வாங்கினேன், யூஎஸ்பி ஒரு பக்கம், பழைய ஐடிஇ, அதான் அந்த பட்டை கேபிள் வகை, ஒரு பக்கம், தனியா 12 வோல்ட் பவர் செங்கல். டிஸ்க்கு சுத்த 12 வோல்ட் வேணும், யூஎஸ்பி தர்றது 5 வோல்ட்தான், அதனால அந்த செங்கல் இல்லாத சின்ன அடாப்டரை வாங்கி ஏமாந்துறாதீங்க. மாட்டினேன். சுத்துது, கிரைண்டர் ஸ்டார்ட் ஆகிற மாதிரி விர்ருன்னு ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியல. அக்கா பையன் வீடியோ கால்ல பாத்துட்டு, "ஜம்பர் எப்படி இருக்கு சித்தி?"ங்கிறான். ஜம்பர்னா டிஸ்க்கோட பின்னு மேல மாட்டுற குட்டி மூடி, டிஸ்க் மாஸ்டரா ஸ்லேவான்னு அது இருக்கிற எடம்தான் சொல்லும். பழைய சிஸ்டத்துல சிடி ரைட்டரும் இதுவும் ஒரே கேபிள்ல, இது ஸ்லேவா போட்டிருந்திருக்கு. அடாப்டருக்கு மாஸ்டர் வேணும். அந்த ஜம்பர்ங்கிறது எள்ளு உருண்டைல இருக்கிற ஒரு எள்ளு சைஸ்னு சொன்னா கூட்டிச் சொல்றேன்னு நெனைப்பீங்க, உளுந்து சைஸ்னு வச்சுக்கங்க. ஐபுரோ பிளக்கரால இழுத்தேன், தெறிச்சுப் போயிருச்சு. அரை மணி நேரம் தரையத் தடவி, கடைசில சேலை மடிப்புல இருந்துச்சு.

மறுபடி மாட்டினதும் டிங்னு ஒரு சத்தம். ரெண்டு டிரைவ் வந்துச்சு. பழைய சி, பழைய டி. மொத்தம் 74.5 ஜிபின்னு காட்டும், 80 எங்கன்னு கேக்காதீங்க, விக்கிறவன் ஆயிரத்தால கணக்குப் போடுறான், விண்டோஸ் 1024-ஆல போடுது, அவ்வளவுதான்.

என் பேர்ல இருந்த போல்டரைத் தொட்டேன், அனுமதி இல்லன்னு வந்துச்சு. என் பேரு, என் போல்டர், எனக்கே அனுமதி இல்ல. பேரைப் பாத்து விடுறதில்ல விண்டோஸ், உள்ள ஒரு நீள நம்பர் வச்சுத்தான் ஆளை அடையாளம் வச்சிருக்கு, புது சிஸ்டத்துல நான் வேற நம்பர். கன்டின்யூ குடுத்தா அனுமதி வாங்கித் தரும்னு கீழ போட்டிருந்துச்சு. குடுத்தேன். பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்னுச்சு. டிஸ்க்குல இருந்து டிக்... டிக்... டிக்னு சத்தம்.

வீடியோ கால்ல அவன் கத்தினான். "சித்தி பவரை எடுங்க, எடுங்க!"

அந்த ராத்திரி

நாலு வருஷம் டேட்டா ரெக்கவரி கடைல வேலை பாத்தவன் அவன், இப்ப வேற வேலைல இருக்கான். அவன் சொன்னது, கன்டின்யூ குடுத்தா ஒவ்வொரு பைலுக்கும் அனுமதிய மாத்தி அந்த டிஸ்க்குலயே எழுதும். நோவுல கெடக்கிற டிஸ்க்கை எழுத வைக்கவே கூடாது. தெருமுனைல சர்வீஸ் சென்டர் வச்சிருக்கிற தம்பி கிட்ட கேட்டப்ப செக் டிஸ்க் போட்டா சரியாயிரும்க்கான்னுதான் சொன்னாரு, அதையும் சொன்னேன். அதுக்கும் திட்டு. செக் டிஸ்க்கு டிஸ்க்கை ஒழுங்குபடுத்தப் பாக்கும், உன் பைலைக் காப்பாத்துறது அதோட வேலை இல்ல, ஒழுங்குக்கு உன் பைல் எடஞ்சலா இருந்தா தூக்கி ஓரமா போட்டுரும். மொத வேலை, மொத்த டிஸ்க்கையும் முதல் செக்டார்லேருந்து கடைசி செக்டார் வரைக்கும் ஒரே பைலா எமேஜ் எடுக்கிறது. அப்புறம் அந்த டிஸ்க்கைத் தொடவே கூடாது, என்ன ஆட்டம் ஆடினாலும் எமேஜ் மேல ஆடுங்க.

பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு பூட் பண்ணச் சொல்லி, டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருப்பு ஸ்கிரீன் புரோகிராம். அவன் ஒவ்வொரு எழுத்தா சொல்ல சொல்ல டைப் பண்ணேன், எது டிஸ்க், எது போற எடம்னு மாத்திப் போட்டா மொத்தமும் காலின்னு மூணு தடவ படிச்சுக் காட்டச் சொன்னான். அந்த புரோகிராமோட புத்தி எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. சாதாரண காப்பின்னா ஒரு கெட்ட எடம் வந்தா அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும். இது முட்டாது. கெட்ட எடத்த குறிச்சு வச்சுக்கிட்டு தாண்டிப் போயிரும், நல்லது எல்லாத்தையும் மொதல்ல வாரிக்கும், கடைசில திரும்பி வந்து கெட்ட எடத்த நுணுக்கி நுணுக்கிக் கேக்கும். பரிட்சைல தெரிஞ்ச கேள்விய மொதல்ல எழுதச் சொல்லுவாங்கள்ல, அதே.

அதுக்கு முன்னாடி டிஸ்க்கோட ஹெல்த் பாக்கச் சொன்னான், மஞ்சள் கலர்ல எச்சரிக்கை. அந்தப் பட்டியல்ல பவர் ஆன் ஹவர்ஸ்னு ஒரு வரி. 19 ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம். ஒன்பது வருஷத்துக்கு வகுத்து, ஞாயித்துக்கெழமை, பொங்கல், தீவாளி கழிச்சுப் பாத்தேன், நாளைக்கு ஏழு மணி நேரம். நான் அந்தக் கடைல உக்காந்த நேரம். இப்படி ஒரு வருகைப் பதிவேடு உள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. கைல பச்சப் புள்ள பாலுக்கு அழுக அழுக அடிச்ச நோட்டீஸ் எல்லாம் அந்த 19 ஆயிரத்துக்குள்ளதான.

ராத்திரி ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சுச்சு. மொத ஒரு மணி நேரம் மளமளன்னு போச்சு, நாப்பது, அம்பது சதவீதம். அப்புறம் நின்னு நின்னு. டிஸ்க்கு மேல கை வச்சுப் பாத்தா சுடுது, டேபிள் பேனைத் திருப்பி வச்சேன். நிமிஷத்துக்கு 7200 சுத்து, செகண்டுக்கு 120, 2005-ல செஞ்ச பொருள். கொசுவர்த்திய ஏத்தி வச்சுக்கிட்டு நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எதுக்கு உக்காந்தேன்னு தெரியல, நான் உக்காந்து என்ன ஆகப்போகுது, ஆனா ஆஸ்பத்திரில உக்காருவோம்ல.

ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு.

யூபிஎஸ் கீ கீன்னு கத்துது. பதினஞ்சு நிமிஷம் தாங்கும். கரண்ட் வருமா வராதா? பத்து நிமிஷம் பாத்தேன், அப்புறம் அவன் தூங்குறான்னு தெரிஞ்சும் போனைப் போட்டேன். கன்ட்ரோல் சி அடிச்சு நிறுத்துங்க சித்தி, மேப் பைல் இருக்கு, எங்க விட்டமோ அங்கேருந்து எடுத்துக்கும்னான், மறுபடி தூங்கிட்டான். நான்தான் நம்பல. இருட்டுல அந்த டிஸ்க்கு சுத்தி சுத்தி வேகம் கொறைஞ்சு நின்ன சத்தம் இருக்கே, இன்னும் காதுல இருக்கு. மூணே காலுக்கு கரண்ட் வந்துச்சு. அதே கட்டளைய திரும்ப அடிச்சேன். மறுபடி சுத்துமா? சுத்துச்சு. விட்ட எடத்துலேருந்து எடுத்துச்சு.

காலைல ஏழு மணிக்கு முடிஞ்சப்ப மொத்தத்துல 300 கேபி கிட்ட மட்டும் படிக்க முடியலன்னு காட்டுச்சு. 80 ஜிபில 300 கேபி. அந்த 300 கேபி எது மேல விழுந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, தேடவும் இல்ல.

எமேஜை விண்டோஸ்ல செவன் சிப் வச்சே தொறக்கலாம்னு சொன்னான், நான் நம்பல, சிப் பைல் தொறக்கிறதுதான அது. தொறந்துச்சு. அனுமதி கினுமதி ஒண்ணும் கேக்கல, ஏன்னா அது விண்டோஸ் கிட்ட கேக்காம நேரா எமேஜ்லேருந்து படிக்குது, வாசல்ல வாட்ச்மேன் நிக்கிறப்ப ஓட்டைப் பிரிச்சு எறங்குற மாதிரி. டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ். என் பேரு. டெஸ்க்டாப். நூத்துச் சொச்சம் ஐட்டம். 'அர்ஜெண்ட்'. 'அர்ஜெண்ட் 2'. 'நாளைக்கு'. 'மாரியப்பன் அண்ணன் கேட்டது'. 'புதிய போல்டர்' வரிசையா ஏழு. அதுல கடைசி வரிசைல 'சார் கரெக்‌ஷன் பைனல் பைனல்'. மாடிபைடு 2009 ஜூலை.

பாண்ட்ஸ் போல்டரையும் மொத்தமா எடுத்தேன், இன்ஸ்டால் பண்ணேன், பைலைத் தொறந்தேன். தமிழ் வந்துச்சு. ஆறாம் நாள், தெற்குத்தெரு வகையறா. ஏழாம் நாள், மேலத்தெரு வகையறா. கும்மிப்பாட்டுல அந்த ரெண்டு வரி. கடைசிப் பக்கத்துல, பக்கத்துக்கு வெளிய, பேஜ்மேக்கர்ல காலியா வெள்ளையா கெடக்கும்ல, பிரிண்ட்ல வராத எடம், நாங்க அத குப்பைக்கூடையா வச்சிருப்போம், அங்க ஒரு சின்ன டெக்ஸ்ட் பிளாக். நான் அடிச்சது தான், அவர் சொல்லச் சொல்ல. "கிழக்குத்தெரு கடைசி வீட்டில் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்க வேண்டும்."

நான் இத சுத்தமா மறந்துட்டேன்.

அண்ணாச்சிக்கு போன் போட்டு கிழக்குத்தெரு கடைசி வீடு எதுன்னு கேட்டேன். அந்த வீட்டாள்க திருப்பூர்ல இருக்காங்களாம். நம்பர் வாங்கி அவரே பேசினாரு. அவங்க தாத்தா காலத்துல அஞ்சாம் நாளு விளக்குக்கு எண்ணெய் குடுக்கிற பாத்தியதை இருந்திருக்கு, நின்னு போச்சு. புது மலர்ல ஒரு வரி சேர்ந்துச்சு. அந்த வரிய மட்டும் நான் பழைய பாண்ட்லயே அடிச்சேன், டாங்கிளும் இல்ல சாப்ட்வேரும் இல்ல, பாமினி வரிசைங்கிறதால இங்கிலீஷ் கீபோர்டுலயே வெரல் தானா போச்சு. அப்புறம்தான் மொத்தத்தையும் என்எச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தினேன். அது ஓசி சாப்ட்வேர், ஒரு நொடில மாத்திருது, ஆனா நடுவுல இருக்கிற நிஜ இங்கிலீஷையும் தமிழ்னு நெனச்சு மாத்திருது, வாத்தியார் பேருக்குப் பின்னாடி இருந்த பிஏ பிஎட் எல்லாம் வாயில நொழையாத தமிழாயிருச்சு. உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினேன். டைப்பிங் சார்ஜ் கேக்கல. பில்லுல 'பழைய பைல் மீட்பு'ன்னு ஒரு வரி போட்டு அடாப்டர் காசை மட்டும் எழுதினேன், அதுக்கே அண்ணாச்சி ரெண்டு நிமிஷம் பில்லையே பாத்தாரு.

ஆவணில கும்பாபிஷேகம் நல்லபடியா நடந்துச்சு. சண்டை இல்ல. அடுத்தது 2035. அண்ணாச்சியே கேட்டாரு, "தாயி, இத எங்க வச்சிருக்க?" இந்த தடவ எல்லாம் இருக்குன்னு சொல்லல. என் சிஸ்டத்துல ஒண்ணு, தனியா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குல ஒண்ணு, அக்கா பையன் கிட்ட ஒண்ணுன்னு சொன்னேன். யூனிகோடு பைல், பிடிஎப், கூடவே அந்த பாண்டும். கோயிலுக்குன்னு ஒண்ணு வேணும்னாரு, பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தேன். அத சாமி நகை வைக்கிற இரும்புப் பெட்டில வச்சுட்டாங்க.

பென் டிரைவை பெட்டில போட்டு பூட்டிட்டு பன்னெண்டு வருஷம் கழிச்சு எடுத்தா வேலை செய்யும்னு நம்ப முடியாது அண்ணாச்சி, அது காந்தம் இல்ல, உள்ள சார்ஜ் புடிச்சு வச்சிருக்கிற பொருள், சும்மா கெடந்தா மெல்ல மெல்ல கசிஞ்சுரும், வருஷத்துக்கு ஒருக்கா எடுத்து சொருகிப் பாக்கணும்னு சொன்னேன். பங்குனிப் பொங்கலுக்கு நகை எடுத்துத் தொடைப்போம்ல, அப்ப கொண்டாரேன்னாரு. சொன்ன மாதிரி மறு வருஷம் கொண்டு வந்தாரு. மஞ்சத் துணில சுத்தி, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு. குங்குமம் யூஎஸ்பி வாய்க்குள்ள போயி அப்பிக் கெடந்துச்சு. பட்ஸ் வாங்கி வரச் சொல்லி, அவர் முன்னாடியே தொடைச்சு, சொருகி, தொறந்து, ஆறாம் நாள் பக்கத்தக் காட்டினேன். பாத்துட்டு திரும்ப துணில சுத்தினாரு. குங்குமம் மட்டும் மூடி மேல வைங்க அண்ணாச்சின்னு சொல்லி அனுப்பிச்சேன்.